முனையில் பின் (pin) இல்லாத பிளேடும் போடலாம் என்று சொல்லி எனக்கு விற்ற ஸ்க்ரோல் சா பற்றி

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், நாகர்கோவில்
பொருள்: 16 அங்குல ஸ்க்ரோல் சா, பிளேடு பிடிக்கும் கிளாம்ப் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

ஆகஸ்ட் 11ஆம் தேதி உங்கள் இணையதளத்திலேயே 14,350 ரூபாய் கட்டி இந்த ஸ்க்ரோல் சாவை, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவு வளைவாக வெட்டும் மெஷினை வாங்கினேன். பில் நகல், படங்கள், மூன்று வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இதுவரை நான்கு முறை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நான் முதலிலிருந்து கதை சொல்கிறேன், அவர் குறித்துக்கொள்கிறார், அத்தோடு சரி. அதனால் இந்த முறை எழுதியே அனுப்புகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், மரவேலை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வீட்டில் மரத்தில் தமிழ் எழுத்துகள் வெட்டுகிறேன், குழந்தைகள் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துப் படிப்பதற்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக ஒரு செட்டுக்கு 31 எழுத்து. எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரம் சுலபமாகக் கிடைக்கும், வெளிர் நிறம், இழைத்தால் வழவழப்பாக வரும், குழந்தைகள் சாமானுக்கு நல்ல மரம். 12 மி.மீ. கனத்தில் பலகை வாங்கி, ஏழு செ.மீ. உயரத்தில் எழுத்து வரைந்து வெட்டுவேன். ஆறு வருஷமாகக் கை ரம்பத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தேன், யு வடிவச் சட்டத்தில் மெல்லிய பிளேடு மாட்டிய ரம்பம். ஒரு இ வெட்ட அரை மணி நேரம் ஆகும். போன வருஷம் மணிக்கட்டு வலி வந்து டாக்டர் கையை அசைக்காமல் வைக்கச் சொன்ன பிறகுதான் மெஷின் யோசனையே வந்தது. இந்த வருஷம் விஜயதசமிக்கு இரண்டு மழலையர் பள்ளிகள் 14 செட் கேட்டிருந்தார்கள், அந்த முன்பணத்தைப் போட்டுத்தான் உங்கள் மெஷினை வாங்கினேன்.

ஏன் உங்களுடையதை வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகாரே அதில்தான் இருக்கிறது.

ஸ்க்ரோல் சாவுக்கு இரண்டு வகை பிளேடு உண்டு. ஒன்று, இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு சின்னப் பின் வைத்தது, கொக்கியில் மாட்டுகிற மாதிரி சட்டென்று மாட்டிவிடலாம். இன்னொன்று பின் இல்லாத வெறும் பிளேடு, முனையைக் கிளாம்பில் வைத்து இறுக்க வேண்டும். இரண்டும் 5 அங்குல நீளம்தான். ஓரத்திலிருந்து உள்ளே வருகிற வெட்டுக்கு எது போட்டாலும் நடக்கும். ஆனால் எழுத்துக்குள்ளே இருக்கும் சுழியை வெட்ட, முதலில் அந்த இடத்தில் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டித்தான் வெட்ட முடியும். பின் உள்ள பிளேடு நுழைய வேண்டுமென்றால் அந்தப் பின்னும் துளைக்குள் போக வேண்டும். நீங்கள் பெட்டியில் கொடுத்த பிளேடை நுழைக்க எனக்கு 5 மி.மீ. துளை வேண்டியிருந்தது. பிளேடும் கிட்டத்தட்ட 3 மி.மீ. அகலம், சின்ன வளைவில் திரும்பவே திரும்பாது. என் எழுத்துகளில் மூன்று சுழி ண-வில் சுழியின் உட்புறம் 8 மி.மீ.தான். அதில் 5 மி.மீ. துளை போட்டு, 3 மி.மீ. பிளேடை வைத்துத் திருப்பினால் சுழி எங்கே இருக்கும்? பின் இல்லாத மெல்லிய பிளேடுகளில் 3ஆம் நம்பர், 5ஆம் நம்பர் அளவுக்கு ஒன்றரை மி.மீ. துளை போதும், நின்ற இடத்திலேயே திரும்பும். தமிழ் எழுத்து வெட்டுகிறவருக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. ட, ப, ய மூன்றையும் எந்த பிளேடிலும் வெட்டலாம். இ, ஐ, ஞ, ண எல்லாம் பின் இல்லாத பிளேடு இல்லாமல் நடக்காது.

இதை எல்லாம் ஒரு மாதம் தேடிப் படித்து, மெஷின் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். உங்கள் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், இரண்டு வகை பிளேடும் பொருந்தும் என்று போட்டிருந்தது. அதையும் நம்பிவிடாமல் ஆகஸ்ட் 9ஆம் தேதி போன் செய்து கேட்டேன். எடுத்த தம்பி, "தாராளமா போடலாம் மேடம், அடாப்டர் கூடவே வருது" என்றார். அடாப்டர் வந்தது உண்மை. அது பிளேடைப் பிடிக்கவில்லை.

அந்த அடாப்டர் விரல் நுனி அளவு உலோகக் கட்டை, நடுவில் ஒரு பிளவு, பக்கத்தில் ஒரே ஒரு திருகு. பிளேடைப் பிளவில் வைத்து ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் இறுக்கி, மெஷினின் மேல் கையிலும் கீழ் கையிலும் மாட்ட வேண்டும். முதல் நாள் டென்ஷன் ஏற்றும்போதே, அதாவது பிளேடை இழுத்து விறைப்பாக்கும்போதே, மேல் முனை நழுவி டப் என்று அடித்தது. சரி, புது பிளேடில் எண்ணெய் இருக்கும், அதனால் வழுக்குகிறது என்று நினைத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, முனையை 220 உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மறுபடி மாட்டினேன். இரண்டு நிமிஷம் ஓடியது, மறுபடி நழுவியது. இன்னும் இறுக்கினால் திருகின் அறுகோணக் குழியே வழுக்கிப்போய்விட்டது, அதாவது சாவி உள்ளே வெறுமனே சுற்றுகிறது. நீங்கள் கொடுத்த சாவியை வைத்துக் கையால் இறுக்கியதற்கே இந்தக் கதி என்றால் அந்தத் திருகின் இரும்பு எவ்வளவு மட்டம் என்று நீங்களே பாருங்கள். படம் 4, படம் 5.

டென்ஷன் குறைவாக வைத்து ஓட்டுங்கள் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். அது தவறான யோசனை, தயவுசெய்து வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த பிளேடை விரலால் தட்டினால் தந்தி மாதிரி கணீர் என்று கேட்க வேண்டும். தொய்வாக இருந்தால் கோட்டை விட்டு ஓடும், 12 மி.மீ. மரத்தில் வயிறு தள்ளி வளையும், மேலே சரியாகவும் கீழே சரிந்தும் வெட்டும், கடைசியில் உடையும். எனக்கு மூன்று பிளேடு அப்படித்தான் உடைந்தது. அதில் ஒன்றின் துண்டு கண்ணாடியில் வந்து பட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன்.

இன்னொருவர், பிளேடு தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது என்றார். நான் பிளேடுக்கு வாரண்டி கேட்கவே இல்லை. பிளேடு நான் தனியாக வாங்கியது, நல்ல பிளேடு, அதே கட்டில் இருந்த மற்றவை என் கை ரம்பத்தில் ஒரு குறையும் இல்லாமல் வெட்டுகின்றன. நான் சொல்வது அதைப் பிடிக்கும் கிளாம்ப் பற்றி. மூன்றாமவர், நீங்கள் மெஷினை மேஜையில் போல்ட் போட்டு இறுக்கவில்லை, அதிர்வில்தான் நழுவுகிறது என்றார். தேக்கு மேஜையில், கீழே ரப்பர் விரித்து, நான்கு போல்ட்டும் போட்டிருந்தேன், படம் 2 அதற்காகவே எடுத்தது. நான்காமவர் ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்றார். ஐந்தாம் நாளே நான் முதல் போன் செய்துவிட்டேன். அப்போது பேசியவர்தான் உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள், டெக்னீஷியன் கூப்பிடுவார் என்று சொல்லிக் காத்திருக்க வைத்தார். யாரும் கூப்பிடவில்லை. உங்கள் ஆள் காத்திருக்கச் சொன்ன நாட்களை என் கணக்கில் எழுதுவது எந்த விதத்தில் நியாயம்?

இன்னொரு குறையும் அடாப்டரிலிருந்தே வருகிறது. மேல் அடாப்டரும் கீழ் அடாப்டரும் ஒரே கோட்டில் நிற்கவில்லை, பிளேடு லேசாக இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். அது போதாதென்று, ஒன்றரை அங்குலக் கட்டையின் ஓரத்தில் லேசாக ஒரு கீறல் வெட்டி, கட்டையை மெஷினின் மேஜைத் தட்டிலேயே அரைவட்டம் திருப்பி அந்தக் கீறலை பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுவந்தேன். பிளேடு நேராக இருந்தால் கீறலுக்குள் தானாக நுழைய வேண்டும். நுழையவில்லை. அந்தத் தட்டைச் சாய்த்துச் சரிக்கட்டினேன், அடுத்த முறை பிளேடு மாட்டியதும் சாய்வே மாறிவிட்டது, ஏனென்றால் அடாப்டர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உட்காருகிறது. மூன்று சுழி ண-வில் சுழிக்குச் சுழி பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டும், அத்தனை தடவையும் இந்தப் பாடு பட முடியுமா?

பிளக் விஷயத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. மெஷினில் வந்திருப்பது ஐரோப்பிய பிளக், இரண்டு உருளை முள், எர்த் மட்டும் பக்கவாட்டுத் தகட்டில். நம் ஊர் சாக்கெட்டில் எர்த் துளை மேலே தனியாக இருக்கிறது, அந்தத் தகடு எதையும் தொடாது. நீங்கள் கூடவே கொடுத்த மலிவு மாற்று பிளக்கிலும் எர்த் இணைப்பு இல்லை, எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்தேன். முழுக்க இரும்பு உடம்புள்ள மெஷின், 230 வோல்ட்டில் ஓடுவது, எர்த் இல்லாமல் வீடு வீடாகப் போயிருக்கிறது. நான் வயரை வெட்டி நம் மூன்று முள் பிளக் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். என் புகாரை என்ன செய்தாலும் சரி, இதை மட்டும் தள்ளிப்போடாமல், இந்த மாடல் வாங்கிய எல்லோருக்கும் தகவல் அனுப்புங்கள்.

நன்றாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 16 அங்குலம் என்று நீங்கள் சொன்ன கழுத்து ஆழம், அதாவது பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள தூரம், அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. வேகக் குமிழ் நன்றாக வேலை செய்கிறது. மோட்டார் சூடாகவில்லை. பின் உள்ள பிளேடு போட்டால் ட, ப வகை எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. வேகம் கூட்டினால் அதிர்கிறது. ஆனால் நீளமான இரண்டு கைகளும் மொத்தமாக மேலும் கீழும் ஆடுகிற இந்த அமைப்பில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், முன்முனை மட்டும் ஆடுகிற விலை கூடிய மெஷினின் அமைதியை நான் இதில் எதிர்பார்க்கவில்லை, அதைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை. சொன்னதைச் செய்யாத அந்த ஒரு கிளாம்ப்தான் என் பிரச்சினை. நாலு மரத்துண்டில் கரடி, யானை வெட்ட ஆசைப்படுகிற ஒருவருக்கு இதே மெஷின் போதுமானதாக இருக்கலாம். அதை அப்படிச் சொல்லியே விற்றிருக்கலாமே.

உங்கள் பக்கத்தில் மோட்டார் எத்தனை வாட், மேஜை எத்தனை டிகிரி சாயும், விளக்கு உண்டு, தூசி ஊதும் குழாய் உண்டு என்றெல்லாம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது பிளேடை எது பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது, கருவி இல்லாமல் கையாலேயே மாற்ற முடியுமா, எத்தனை மி.மீ. துளையில் நுழையும் என்பவைதான். கிளாம்பை அருகில் காட்டும் ஒரு படம்கூட அங்கே இல்லை. இருந்திருந்தால் ஒற்றைத் திருகைப் பார்த்த உடனே நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இப்போது நான் கேட்பது இவை. மெஷினை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 14,350 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அடாப்டரை மாற்றித் தருகிறோம் என்று சொல்வதாக இருந்தால், அதே அடாப்டர் வேண்டாம், திருகு வழுக்காத, பிளேடை நேராகப் பிடிக்கிற வேறு கிளாம்ப் அனுப்பி, உங்கள் டெக்னீஷியன் என் மேஜையில் 5ஆம் நம்பர் பிளேடு மாட்டி ஒரு ண வெட்டிக் காட்டட்டும், மெஷினை வைத்துக்கொள்கிறேன். அதோடு, இரண்டு வகை பிளேடும் பொருந்தும் என்ற வரியை, அது உண்மையாகும் வரை, உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் 15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. அங்கே போக எனக்கு விருப்பம் இல்லை, அந்த நாட்களில் இரண்டு செட் வெட்டிவிடலாம். ஆனால் போவேன்.

14 செட்டில் ஐந்துதான் முடித்திருக்கிறேன், சுழி உள்ள எழுத்துகளை மறுபடி கை ரம்பத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பள்ளியில் தேதி தள்ளிக் கேட்டுவிட்டேன். இன்னொரு பள்ளிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மெஷினைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே பழைய தெர்மாகோலோடு கட்டி வைத்திருக்கிறேன். வழுக்கிப்போன திருகையும் உடைந்த மூன்று பிளேடுகளையும் தனி உறையில் போட்டு மேலேயே ஒட்டியிருக்கிறேன். கனமான பெட்டி, என்னால் தனியாக மாடியிலிருந்து இறக்க முடியாது, எடுக்க வருகிறவர்களை இரண்டு பேராக, காலை 10 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நாகர்கோவில்

இணைப்பு: பில் நகல், படங்கள் 1 முதல் 7 வரை, வீடியோ 3, போன் செய்த தேதிகளின் விவரம்