ஒரு பாக்கெட்டையும் பார்க்காமலே பட்டம்: வலையமைப்புப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கான கணினி வலையமைப்புப் பாடத்தை வகுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்னையில் வலையமைப்புப் பராமரிப்பில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுபவன் நான். படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களை ஆண்டுதோறும் நேர்முகத் தேர்வில் சந்திக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வில், உண்மையான பாக்கெட் பதிவு (வலையமைப்பில் தரவு பயணிக்கும் சிறு பொதிகளின் பதிவு) ஒன்றை மாணவரிடம் கொடுத்து, "இங்கே என்ன நடந்திருக்கிறது?" என்று கேளுங்கள்.

நான் படித்த கல்லூரியில் வலையமைப்பு ஆய்வகம் என்பது சி மொழியில் சாக்கெட் நிரல் (வலையமைப்பு வழியே தரவை அனுப்பிப் பெறும் நிரல்) எழுதுவதாகவே இருந்தது. அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே கணினியில், 127.0.0.1 என்ற முகவரியிலேயே ஓடின. கம்பி வழியாக ஒரு பைட் கூட வெளியே போகவில்லை. வெளியீட்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வைவாவில் ஏழு அடுக்குகளின் பெயர்களைக் கேட்டார்கள், சொன்னேன், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் கிளை அலுவலகம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. பிங் (மறுமுனை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) செய்தால் பதில் வருகிறது, லாகின் ஆகிறது, சிறிய கோப்புகள் போகின்றன, ஆனால் பெரிய கோப்பு அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு நாள் கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், கணினியை மாற்றினேன். மூன்றாம் நாள் என் மூத்த பொறியாளர் பாக்கெட் பதிவைத் திறந்து காட்டினார். 1500 பைட் அளவுள்ள ஒரே பாக்கெட் மறுபடி மறுபடி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பானது. பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை வரவே இல்லை. வழியில் இருந்த விபிஎன் சுரங்கம் (பொது இணையத்தின் ஊடே அமைக்கும் தனி இணைப்பு) தன் தலைப்புத் தகவலையும் சேர்ப்பதால் அந்த அளவு பாக்கெட் அதற்குள் நுழையாது. துண்டாக்கக் கூடாது என்ற குறியும் பாக்கெட்டில் இருந்ததால், ரவுட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, "இன்ன அளவில் அனுப்பு" என்று ஐசிஎம்பி (வலையமைப்பின் பிழைகளையும் நிலையையும் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தி ஒன்றை முறைப்படி திருப்பி அனுப்பியிருக்கிறது. பாதுகாப்புக்காக என்று எண்ணி, பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி செய்திகள் அனைத்தையும் தடுத்திருந்த ஃபயர்வால், அந்தச் செய்தியை விழுங்கிவிட்டது.

இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்று கூட இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பாக்கெட்டின் உச்ச அளவை ஓர் அலகிலும், துண்டாக்கலையும் ஐசிஎம்பியையும் வேறோர் அலகிலும், மறு அனுப்புகைக் கடிகாரத்தை இன்னோர் அலகிலும் படித்து, எல்லாவற்றுக்கும் தேர்வில் விடை எழுதியிருந்தேன். நான்கும் ஒரே நொடியில் ஒரே கம்பியில் சேர்ந்து நிகழும்போது எப்படித் தோன்றும் என்பதை மட்டும் எவரும் காட்டியதில்லை. இன்று நான் சந்திக்கும் இளைஞர்களிலும் பெரும்பாலோர் அதே நிலையில்தான் வருகிறார்கள். அறிவிலோ உழைப்பிலோ அவர்களிடம் குறை இல்லை. கேட்கப்படும் கேள்விக்கு ஏற்பத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பித் தரவை முழுமையாகச் சேர்க்கும் நெறிமுறையான டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் அளவு ஏறி இறங்குவதைக் காட்டும், ரம்பப் பல் போன்ற அந்த வரைபடத்தை மாணவர்கள் அழகாக வரைகிறார்கள். பாக்கெட் தொலைந்தால் சாளரம் (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவின் அளவு) ஏன் பாதியாகச் சுருங்க வேண்டும் என்று கேட்டால் திகைக்கிறார்கள். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தொலைவில், நொடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு வெறும் 40 பிட்டாக விழுந்தது. ஏன் என்று தேடப் புகுந்த வேன் ஜேக்கப்சனும் மைக்கேல் கரெல்ஸும் கண்ட விடைதான் 1988-இல் கட்டுரையாக வெளிவந்து, இன்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரைபடமாக நிற்கிறது. பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் என்ற கருவியும் அதே ஆய்வகத்தில், ஜேக்கப்சனும் சக ஆய்வாளர்களும் எழுதியதுதான். கவனித்து, அளந்து, அதன் பிறகே விதி செய்தவர்களின் பாடத்தை, கவனிப்பையும் அளவையும் நீக்கிவிட்டு விதியை மட்டும் நாம் கற்பிக்கிறோம்.

பழைய பகுதிகளைப் பற்றியும் ஒரு சொல். இணைய முகவரிகளைப் பிரித்த ஏ, பி, சி என்ற வகுப்புகள் 1993-இலேயே வழக்கொழிந்துவிட்டன. வரலாறாகச் சொல்லலாம், மதிப்பெண் கேள்வியாகக் கேட்க வேண்டியதில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத நெறிமுறையான யுடிபி நம்பகமற்றது, ஆகவே வீடியோவுக்கும் குரலுக்கும்தான் பொருந்தும் என்ற விடையும் இன்று போதாது. 2021-இல் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறை, யுடிபியின் மேல் நின்றுகொண்டே, நம்பகமாக வலைப்பக்கங்களைக் கொண்டுவருகிறது. நம்பகம் என்பது எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்பதே இங்கு நல்ல கேள்வி.

செலவைக் காரணம் காட்ட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பாக்கெட் பதிவுகளைத் திறந்து பார்க்கும் வயர்ஷார்க் இலவசம். லினக்ஸ் உள்ள ஒரே கணினிக்குள் நேம்ஸ்பேஸ் வசதியால் பல கணினிகளையும் ரவுட்டர்களையும் உருவாக்கலாம். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே உள்ள நெட்டெம் மூலம் தாமதத்தையும் இழப்பையும் வேண்டிய அளவுக்குப் புகுத்தலாம். கல்லூரியின் பொது வலையமைப்பில் பிறருடைய போக்குவரத்தைப் பதிவு செய்வது தவறு என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இப்படித் தனித்து நிற்கும் ஆய்வக வலையமைப்பில் அந்தச் சிக்கலே எழாது. உண்மையான தடை ஆசிரியர்களின் நேரம். ஒருவரே மூன்று பாடங்களைச் சுமக்கும் கல்லூரியில் புதிய பயிற்சிகளை அவர் எங்கிருந்து உருவாக்குவார்? ஆகவே இந்தச் சுமையைத் தனித்தனி ஆசிரியர்மீது ஏற்றாமல், பயிற்சிகளையும் பதிவுக் கோப்புகளையும் விடைக் குறிப்புகளையும் குழுவே உருவாக்கி எல்லாக் கல்லூரிகளுக்கும் கொடுக்க வேண்டும். அரசுக் கல்லூரியோ சிற்றூர்க் கல்லூரியோ அப்போதுதான் பின்தங்காது.

இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் யாவும் எவரும் காசின்றிப் படிக்கக் கூடியவை. 1981-இல் வெளிவந்த டிசிபியின் ஆவணத்தில், இணைப்பு தொடங்கும் மும்முறைக் கைகுலுக்கலை (இரு முனைகளுக்கிடையே மூன்று செய்திகளின் பரிமாற்றத்தை) விவரிக்கும் சில பக்கங்களையாவது வகுப்பில் வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். வைவாவில் மாணவர் தமிழில் விளக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, திரையில் உள்ள பாக்கெட்டைச் சுட்டி, "இவன் கேட்டான், அவனிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் மறுபடி கேட்கிறான்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு நெறிமுறை புரிந்திருக்கிறது. பாடநூலின் ஆங்கில வாக்கியத்தைப் பிழையின்றி ஒப்பிப்பவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதைக் கண்டறிய வழியில்லை.

என் பங்காக, மேலே சொன்ன கோளாறு உட்படப் பணியில் கண்ட பன்னிரண்டு கோளாறுகளை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கி, பதிவுக் கோப்புகளாகவும் கேள்விகளாகவும் தொகுத்து வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் தரவும் அவற்றில் இல்லை. குழு விரும்பினால் அனைத்தையும் கட்டணமின்றித் தருகிறேன். ஆசிரியர்களுக்கான பயிற்சி நாள் ஒன்றை நீங்கள் குறித்தால், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அவர்களுடன் அமர்ந்து ஒவ்வொரு பதிவையும் திறந்து காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை