முகம் தெரியாதவர்களின் கேள்விகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குத் தினமும் ராத்திரி வாசித்துக் காட்டுகிறாய் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், கடைசியில் வருகிறேன்.

வேலை முடிந்து வந்தபிறகும் முன்பின் தெரியாதவர்கள் கேட்பதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுகிறாயே, தேடினால் கிடைக்காத விஷயமா என்று கேட்டிருந்தாய். பாதிக்கு மேல் கிடைக்கும்தான். ஆனால் தேடுவதற்கு என்ன வார்த்தை போடுவது என்று தெரிந்திருக்கவேண்டும் அல்லவா, அது பிடிபடாதவர்கள்தான் மனிதர்களிடம் வந்து கேட்கிறார்கள்.

கேம் விஷயத்தையே எடுத்துக்கொள். 'கேம் லேக் ஆகிறது, என்ன செய்ய' என்று அடிக்கடி யாராவது கேட்பார்கள். நெட் இல்லாமல் தனியாக ஆடும்போதும் திணறுகிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆமாம் என்றால் கோளாறு கம்ப்யூட்டரில், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை அல்லது உள்ளே சூடு ஏறுகிறது. இல்லை என்றால் பிங் பிரச்சினையாக இருக்கும். பெரிய நெட் பிளானுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் பிங் என்பது தகவல் சர்வர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற நேரம், பிளானை மாற்றினாலும் தூரத்து சர்வர் தூரத்தில்தானே இருக்கும்.

போன வாரம் ஒரு பையன் எழுதியிருந்தான். பல மாதம் காசு சேர்த்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது ஒரு செகண்டுக்கு 144 படம் காட்டக்கூடியது, வாங்கியிருக்கிறான், எல்லோரும் சொன்ன அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியவே இல்லை, என் கண்ணில்தான் ஏதாவது கோளாறா என்று கேட்டான். டிஸ்பிளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு காட்டுகிறது, பார்த்துச் சொல் என்றேன். 60. மானிட்டரை மாட்டினால் மட்டும் போதாது, பல சமயம் விண்டோஸ் 60-லேயே நின்றுவிடும், நாமே போய் மாற்றவேண்டும். 60-ல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லி செகண்ட் ஆகும், 144-ல் ஏறக்குறைய 7 மில்லி செகண்ட்தான். மாற்றிப் பார்த்துவிட்டு, 'அண்ணா, மவுஸ் அம்பு வழுக்கிக்கிட்டுப் போகுது' என்று எழுதினான். கேமை இன்னும் திறக்கக்கூட இல்லை, வெறும் அம்பை வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது முரளி.

பல்கலைக்கழக அட்மிஷன் கேள்விகளில் அப்படிச் சட்டென்று சந்தோஷப்பட முடியாது, பயமும் சேர்ந்தே வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்த ஒரு பெண், கடைசித் தேதி 11.59 என்று போட்டிருக்கிறதே, அது எங்கள் நேரமா அவர்கள் நேரமா என்று கேட்டாள். அவர்கள் நேரம் என்று சரியாகச் சொல்லிவிட்டு, நம் நேரத்துக்கு மாற்றிச் சொல்லும்போது தப்புச் செய்துவிட்டேன். அங்கே கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அதை மறந்துபோனேன், அதனால் அவளுக்கு இல்லாத ஒரு மணி நேரம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, அவள் முந்தின நாளே அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போதெல்லாம் தேதி, நேரம், கட்டணம் எதையும் நான் என் வாயால் சொல்வதில்லை, அவர்களுடைய வலைப்பக்கத்திலேயே பார், ஒரு நாள் முன்னால் அனுப்பு என்று மட்டும் சொல்கிறேன். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 வருஷத்துக்குத்தான் செல்லும் என்பதுகூடச் சிலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது, அதனால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் தயங்காமல் படிப்பேன். முக்கால்வாசி 'சிறு வயதிலிருந்தே' என்றுதான் தொடங்கும். ஒருவன் கட்டுரையில் மூன்றாவது பத்தியில், பாட்டியின் காது மெஷினைப் பிரித்துப்போட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருந்தான். இங்கேயிருந்து ஆரம்பி தம்பி, மேலே இருக்கும் இரண்டு பத்தியும் வேண்டாம் என்றேன்.

சரி, இலக்கியம். நம் இரண்டு பேருக்கும் பிடித்த இடம் இதுதானே. 'யாயும் ஞாயும்' என்று ஒரு பாட்டில் வருகிறதே, எழுதியது யார் என்று ஒருவர் கேட்டார். குறுந்தொகை 40-வது பாடல், மொத்தமே 5 வரி, எழுதியவர் பெயர் தெரியாது, 'செம்புலப் பெயனீர்', அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீர், என்று அவர் சொன்ன உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம் என்று எழுதினேன். அத்தோடு விட மனசு வரவில்லை. அதற்கு அடுத்த 41-வது பாடலைப் பாருங்கள், அங்கேயும் அதே கதைதான், ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று சொன்னவர் அணிலாடு முன்றிலார் ஆகிவிட்டார் என்றும் சேர்த்தேன். அடுத்த நாள் அவரிடமிருந்து பதில். இலக்கணம் தெரியாதவன் இதையெல்லாம் படிக்கலாமா என்று கேட்டிருந்தார். பார், அவர் முதலிலேயே கேட்க நினைத்தது இதைத்தான் என்று தோன்றுகிறது. முதலில் வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் உரையைப் பாருங்கள், அப்புறம் திரும்ப வாய்விட்டுப் படியுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும், 401 பாடல் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று சொன்னேன். இப்போது 17-வது பாடலில் இருக்கிறார்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம், வாழ்நாள் முழுக்கப் படித்தவராம், இப்போது மகன் வாசித்துக் காட்ட வேண்டும், ஆனால் அப்பா அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது, எதில் தொடங்குவது என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை, நண்பனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டேன். முதல் நாள் அம்மாவுக்கு நீ எதை வாசித்தாய்? எப்படி ஆரம்பித்தாய், நீயாகவா, அம்மா கேட்டா? நாலு வரியாக இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் எழுது, அவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
கண்ணன்