புது வீட்டுக் குழாய்கள் குறித்து

அன்புள்ள சண்முகம்,

இங்கு அனைவரும் நலம். நீயும் செல்வியும் நலம் என்று வேலு எழுதியிருந்தான். பாளையங்கோட்டை வீடு பூச்சு வேலை வரை வந்துவிட்டதென்றும், குழாய்களை வாங்க நீயே கடை கடையாக ஏறி இறங்குகிறாய் என்றும் படித்த பிறகு, இத்தனை மாதங்களாகத் தள்ளிப்போட்ட கடிதத்தை இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. ஒரு கைக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க ஊரையே சுற்றவைத்தவன் நீ. அந்த நிதானம் இப்போதுதான் உண்மையாகவே தேவைப்படுகிறது.

டெட்ராய்ட் அருகே என் மகள் வாங்கிய பழைய வீட்டுக்குக் குடிநீர்த் துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாய் எதனால் ஆனது என்பதற்குப் பதிவு இல்லை, அது காரீயமாகவும், அதாவது ஈயமாகவும் இருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் கருவுற்றிருக்கும் நேரம் இது. மருமகனும் நானும் நிலவறைக்குப் போய், மீட்டருக்கு முன்னால் சுவரிலிருந்து வெளிவரும் குழாயை ஒரு நாணயத்தால் சுரண்டினோம். செம்பாக இருந்தால் செந்நிறம் தெரிந்திருக்கும். இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டியிருக்கும். காந்தம் ஒட்டவில்லை, சுரண்டிய இடம் வெள்ளியைப் போலப் பளபளத்தது. ஈயமேதான்.

'தாமிரபரணித் தண்ணீருக்கு என்னடா குறை?' என்று நீ கேட்பாய். எனக்கு அச்சம் ஆற்றைப் பற்றியது அன்று. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஃபிளின்ட் நகரில் நடந்ததைக் கேள். ஹியூரான் ஏரி நீரை டெட்ராய்ட் வழியாகப் பெற்றுவந்த அந்த நகரம், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. ஆற்றில் ஈயம் இல்லை. ஆனால் அந்த நீர் உலோகத்தை அரிக்கும் தன்மை மிகுந்தது; அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டையும் அதில் சேர்க்காமல் விட்டார்கள். பல ஆண்டுகளாகக் குழாயின் உட்புறத்தில் படிந்து, ஈயத்துக்கும் நீருக்கும் இடையே திரையாக இருந்த படலம் கரைந்து, ஈயம் நேராக வீட்டுக் குவளைக்குள் வந்தது. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் இயந்திர உறுப்புகள் அரிக்கப்படுவதாகச் சொல்லி அந்த நீரை நிறுத்திக்கொண்டது. மக்களோ மேலும் ஓராண்டு அதைக் குடித்தார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டு நீரை வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு சோதித்தபோது, ஒரு மாதிரியில் லிட்டருக்கு 13,200 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அமெரிக்க அரசு நடவடிக்கை கோரும் அளவு அப்போது 15. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளிப்படுத்திய பிறகுதான் பழைய நீருக்குத் திரும்பினார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது சோதனை நடந்த விதம். மாதிரி எடுப்பதற்கு முன் குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிடும்படி மக்களிடம் சொல்லியிருந்தார்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கி ஈயத்தை வாங்கிய நீர் முதலில் ஓடிவிடும். சோதனைக்குப் போவது நல்ல நீராக இருக்கும். சண்முகம், ஈயத்துக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கை உறிஞ்சிக்கொள்ளும் குழந்தைகளுக்கு, அது மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது.

உன் வீட்டில் ஈயக் குழாய் இராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழாய்முனைகளைச் செய்யும் பித்தளையைக் கடைசல் பிடிக்க எளிதாக்குவதற்காக ஈயம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம், மேலே பூசிய பளபளப்பு அதை மறைத்துவிடும். அமெரிக்காவிலேயே 8 விழுக்காடு வரை ஈயம் கலந்த குழாய்முனையை, 'ஈயமற்றது' என்று 2014 தொடக்கம் வரை விற்க முடிந்தது. இப்போது வரம்பு 0.25 விழுக்காடு. பி.வி.சி. குழாய்களிலும் பிளாஸ்டிக் சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தியாக ஈய உப்புகளைச் சேர்த்துவந்தார்கள். நம் மத்திய அரசு அதைக் கட்டுப்படுத்த 2021இல்தான் விதிகள் கொண்டுவந்தது. ஆகவே கடையில் கிடக்கும் பழைய சரக்கை மலிவு என்று வாங்காதே, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீயே பார். குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் சமையலறைக் குழாய் ஒன்றிலாவது பணத்தைப் பார்க்காதே.

குடியேறியதும், இரவு முழுவதும் திறக்காத குழாயிலிருந்து விடியற்காலையில் வரும் முதல் லிட்டரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடு. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஈயம் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் உப்பையும் கடினத்தன்மையையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். முடிவு வரும்வரை செல்வியிடம் சொல்லி, காலையில் முதல் நீரைச் செடிகளுக்கோ பாத்திரம் கழுவவோ விடச் சொல்.

மகள் வீட்டுக் குழாயை முழுவதுமாக மாற்றித் தருவதாகக் குடிநீர்த் துறையினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாதியை மட்டும் மாற்றினால், அசைத்துவிட்ட மீதிக் குழாயிலிருந்து ஈயம் சில காலம் கூடுதலாகவே வரும் என்பதால் நாங்கள் அதில் உறுதியாக நின்றோம். அதுவரை ஈயத்தை நீக்கச் சான்று பெற்ற வடிகட்டியின் நீரையே அவள் குடிக்கிறாள்.

உன் பேத்தி கோடை விடுமுறைக்கு அங்கே வரும் முன் சோதனையை முடித்துவிடு. அறிக்கையின் படத்தை எனக்கு அனுப்பு. வேலுவின் வீட்டுக் குழாய்கள் இன்னும் பழையவை. அவனிடமும் இதைச் சொல்.

அன்புடன்,
ராகவன்