நோயாளியின் படுக்கையருகே விசுவாசத்தை அளக்காதீர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், வீடுகளுக்கு வந்து நோயாளிகளுக்காக ஜெபிக்கும் குழுவினருக்கும்,

தோத்திரம். சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அக்காவைப் பார்க்க வந்த ஜெபக்குழு ஒன்று, கிளம்பும்போது, "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனது. வந்தவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. வெயிலில் இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள். ஆனால் அந்த வாரம் அக்கா மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டாள். போனால் அது அவிசுவாசம் ஆகிவிடுமாம். நான்காம் நாள் மூச்சுத்திணறலோடுதான் அவளைத் தூக்கிச் சென்றோம். உடல் தேறிய பிறகும், தன் விசுவாசம் போதவில்லையோ என்ற கேள்வி அவளை விடவில்லை.

போதுமா, போதாதா என்று சீடர்களும் கணக்குப் பார்த்ததுண்டு. தங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும்படி அவர்கள் கேட்டபோது, ஆண்டவர் அளவைக் கூட்டிக் கொடுக்காமல், கடுகுவிதையளவு விசுவாசமே போதும் என்று சுட்டிக்காட்டினார்.

அன்றாடத் தமிழில் நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். கெட்ட காலத்திலும் உடனிருந்தவரை விசுவாசமானவர் என்கிறோம். அங்கெல்லாம் அச்சொல் மனத்துக்குள் பொங்கும் உறுதியைக் காட்டிலும் விட்டுப் பிரியாமல் நிற்பதையே குறிக்கிறது. ஆலயத்துக்குள் நுழைந்ததும் ஏனோ இந்தப் பொருளை மறந்துவிடுகிறோம். எபிரெய மொழியின் 'எமூனா' என்ற சொல்லும் இதற்கு அருகில் நிற்பதே. அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரை ஒரே நிலையாயிருந்தன என்று யாத்திராகமம் 17:12 கூறும் இடத்தில் மூலத்தில் உள்ளது அந்தச் சொல்தான். அக்கைகள் தாமாக நிலைத்து நிற்கவில்லை. அவை அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் இருபுறமும் தாங்கிப் பிடித்தார்கள்.

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வசனத்தை நீங்கள் எடுத்துக்காட்டலாம். பெரும்பாடுள்ள, அதாவது நெடுநாள் இரத்தப்போக்கால் அவதிப்பட்ட, ஸ்திரீ சுகமடைந்தபின் கேட்ட வார்த்தை அது. அதைத் தலைகீழாகத் திருப்பி, சுகமடையாதவர்மேல் சுமத்துவது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு. மத்தேயு 17ஆம் அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். தகப்பன் ஒருவன் கொண்டுவந்த நோயுற்ற பையனைச் சீடர்களால் சொஸ்தமாக்க முடியாமற்போனபோது, "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்று இயேசு கடிந்துகொண்டது நோயுற்ற பையனையன்று, ஜெபிக்கப் போனவர்களை. பவுலும், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறபோது, அவன் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் எழுதவில்லை. தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்றுக்கோ கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். விசுவாசத்தில் நின்றவர்களைப் பட்டியலிடும் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது சிங்கங்களின் வாய்கள் அடைக்கப்பட்டதோடு நிறுத்திவிடாமல், நான்கு வசனங்கள் தள்ளி வாளால் அறுப்புண்டவர்களும் அதே பட்டியலில் இருப்பதையும், இவர்களெல்லாரும் நற்சாட்சி பெற்றும் "வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று அந்த அதிகாரம் முடிவுக்கு வருவதையும் சபைக்கு வாசித்துக் காட்டுங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில், சுகம் கிடைக்காமலேயே ஆண்டவரைப் பற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒலிபெருக்கியைக் கொடுங்கள்; இன்று அது சுகம் பெற்றவர்களின் கைக்கு மட்டுமே போகிறது. மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரையும் ஜெபக்குழுவில் அனுப்பாதீர்கள்.

உடல் செயலிழந்த திமிர்வாதக்காரனை நான்குபேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியபோது, மாற்கு குறித்துவைத்தது 'அவர்கள்' விசுவாசத்தைத்தான். படுத்திருந்தவன் அதுவரை வாய் திறந்ததாகக்கூட அங்கே எழுதப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த முறை வரும்போது, ஜெபித்து முடித்தபின், அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு என்று அக்காவிடம் கேளுங்கள். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு ஆட்டோ வரும், அதில் ஒருவருக்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
சபையின் உறுப்பினன் ஒருவன்