கவுண்டரில் ஓர் உயரம், ராட்டினத்தில் ஓர் உயரம்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகம்.

பொருள்: பள்ளி விடுமுறை நாளில் என் மகனின் உயரம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக அளக்கப்பட்டது, அதனால் நேர்ந்த பாதுகாப்புக் குறைபாடு தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நான், என் கணவர், மாமியார், மகள், மகன் எல்லோருமாக உங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். அன்று நடந்ததைப் பற்றி உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பினேன். விற்ற டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியை அப்படியே எடுத்து ஒட்டி ஒரு பதில் வந்தது. நான் எழுதியதை யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுப்பில் உள்ள ஒருவர் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பூங்காவில் 120 செ.மீ.க்குக் குறைவான உயரம் என்றால் குழந்தை டிக்கெட், அதற்கு மேல் என்றால் முழு டிக்கெட். கவுண்டர் பக்கத்தில் உள்ள தூணில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். என் மகனை அங்கே நிற்கச் சொன்னார்கள். காலில் தடித்த அடி வைத்த ஷூ. அதற்கும் கீழே ஒரு ரப்பர் விரிப்பு. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுந்துகூட வராமல் எட்டிப் பார்த்துவிட்டு, "கோட்டுக்கு மேலதான் இருக்கான், முழு டிக்கெட்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்டு அளக்கலாமே என்று என் கணவர் கேட்டதற்கு, "பின்னாடி எவ்வளவு கூட்டம் நிக்குது பாருங்க சார்" என்பதுதான் பதில். சரி, விடுமுறைக் கூட்டம், பிள்ளைகள் உள்ளே போகத் துடிக்கிறார்கள், வாசலிலேயே ஒரு தகராறு வேண்டாம் என்று முழு டிக்கெட்டே வாங்கினோம். அவன் மணிக்கட்டில் பெரியவர்களுக்கான நீலப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். "அக்காவுக்குக் கட்டின அதே கலர், பாட்டி!" என்று அவன் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியபடியே உள்ளே போனான்.

மதியத்துக்குப் பிறகு ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நின்றோம். அன்றைய நாளில் அவன் காத்திருந்ததே அதற்காகத்தான். வரிசை வெயிலில் வளைந்து வளைந்து போனது. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல ஒரு பலகை இல்லை, உட்கார ஒரு திண்ணை இல்லை. என் மாமியார் நடுவில் முடியாமல் வெளியே போய்விட்டார். ஒருவழியாக முனைக்கு வந்தபோது ஷூவை அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். அங்கே வேலையில் இருந்த பெண் அவனைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, அளவுகோலின் கட்டையை அவன் தலைக்கு மேலே 120 செ.மீ. குறிக்கு இறக்கினார். கட்டைக்கும் அவன் தலைக்கும் நடுவே என் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இன்னொரு முறையும் அளந்தார். அதே கதைதான். அவர் குந்தி உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராக, "தம்பி, இன்னும் கொஞ்சம் வளரணும். அடுத்த வருஷம் கண்டிப்பா ஏறலாம்" என்றார். அவன் எதுவும் பேசவில்லை. கையில் இருந்த நீலப் பட்டையை மட்டும் அவரிடம் நீட்டிக் காட்டினான்.

அந்தப் பெண் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது. அன்று உங்கள் பூங்காவில் ஒரு குழந்தையை ஒழுங்காக அளந்தவர் நான் பார்த்தவரை அவர் ஒருவர்தான். விதியைத் தளர்த்தி அவனை ஏற்றியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் புகாரே அதற்கு நேர் எதிரானது.

ஏனென்றால் அன்று காலையிலேயே அவன் கப்பல் ஊஞ்சலில் ஏறியிருந்தான். அதன் வாசலிலும் குறைந்தபட்ச உயரம் 120 செ.மீ. என்றுதான் எழுதியிருக்கிறது. அங்கே அளவுகோலும் இருந்தது. ஆனால் நின்றிருந்தவர் கோலைத் தொடவே இல்லை. கைப்பட்டையின் நிறத்தைப் பார்த்தார், "போங்க, போங்க" என்று அனுப்பிவிட்டார். கவுண்டரில் அளந்துதானே பட்டை கட்டினார்கள் என்று நாங்களும் நம்பி ஏறினோம். அந்தக் கப்பலில் ஒரு வரிசைக்கு ஒரே தடுப்புக் கம்பி. அது என் கணவரின் தொடையில் முட்டி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மகனின் வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கும் அளவுக்கு இடம். கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவன் இருக்கையிலிருந்து எழும்பினான். என் கணவர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் அவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டே இருந்தார். சுற்று முடிந்து இறங்கும்போது அவர் கை நடுங்கியது. அது ராட்டினத்தின் வேகத்தால் வந்த நடுக்கம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

ராட்டினங்களில் உயரக் கட்டுப்பாடு வைப்பது பிள்ளை பயப்படுவானா மாட்டானா என்பதற்காக அல்ல என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தடுப்புக் கம்பி இடுப்பில் சரியாக உட்கார வேண்டும், முதுகு இருக்கையில் பதிய வேண்டும், கை கம்பியை எட்ட வேண்டும், கால் ஊன்ற இடம் வேண்டும். இதையெல்லாம் வாசலில் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது என்பதால்தான் உயரத்தை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். பலர் சேர்ந்து உட்காரும் இருக்கையில் கம்பி ஒன்றே ஒன்று என்றால், அது இருப்பதிலேயே பருமனான தொடையில் போய் நின்றுவிடும். பக்கத்தில் உள்ள சிறு பிள்ளைக்கு அது பிடிமானமே இல்லை. ஊஞ்சல் உச்சியில் உடல் எடையற்றது போல எழும்பும் நொடியில்தான் அந்தக் கம்பிக்கு வேலையே. ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ்.ஓ. 17842 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் வடிவமைப்புக்கு ஒரு பாகம், பரிசோதனைக்கு ஒரு பாகம் என்பதோடு, இயக்கத்துக்கென்றே தனியாக ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசலில் நிற்பவர் கோலை எடுத்து அளக்காவிட்டால் பாதுகாப்பு அங்கேயே போய்விடுகிறது.

அன்று மாலை உங்கள் தகவல் மையத்தில் இதைச் சொன்னேன். "மேடம், கவுண்டரில் அளப்பது டிக்கெட்டுக்கு, ராட்டினத்தில் அளப்பது பாதுகாப்புக்கு. ரெண்டும் வேற வேற" என்றார் அங்கே இருந்தவர். வேறு வேறு என்றால், டிக்கெட்டுக்காகக் கட்டிய பட்டையைப் பார்த்துவிட்டு எப்படி ஒரு குழந்தையைக் கப்பலில் ஏற்றினீர்கள்? இதற்கு அவரிடம் பதில் இல்லை. மின்னஞ்சலிலும் வரவில்லை.

ஷூவோடு அளந்து முழுக் காசு வாங்கினீர்கள். ஷூவைக் கழற்றி அளந்து திருப்பி அனுப்பினீர்கள். வீட்டுக்கு வந்து வெறுங்காலோடு, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்தேன்: 118 செ.மீ.தான். ஷூவின் அடி மட்டுமே 2, 3 செ.மீ. இருக்கும். அதற்குக் கீழே விரிப்பு வேறு. உயரம் ஒரே நாளில்கூட மாறக்கூடியது. முதுகெலும்பின் நடுவே உள்ள தட்டுகள் அழுந்துவதால் காலையில் இருந்த உயரம் மாலைக்குள் ஏறத்தாழ 1 செ.மீ. வரை குறையும். அதனால் கோட்டை ஒட்டி நிற்கும் பிள்ளைகளைக் கண்ணால் எட்டிப் பார்த்து முடிவு செய்வது சரியே ஆகாது. அப்படி நிற்கும் பிள்ளைகள் கொஞ்சநஞ்சம் பேரும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி ஆறு வயதுப் பையனின் நடு உயரம் 116 செ.மீ., ஏழு வயதில் கிட்டத்தட்ட 122 செ.மீ. உங்கள் கோடு இந்த இரண்டு வயதுக்கும் இடையில் விழுகிறது. ஷூ கூட்டிக்காட்டும் அந்த உயரம் இந்த வயதில் பல மாத வளர்ச்சிக்குச் சமம். விடுமுறை நாளில் உங்கள் வாசலுக்கு வரும் இந்த வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படித் தவறான பட்டை கட்டப்படுகிறது என்று நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முழு டிக்கெட்டுக்கும் குழந்தை டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். உங்கள் அளவுகோலின்படியே அவன் 120 செ.மீ. இல்லை என்பதால் அது எங்களுக்கு வர வேண்டிய பணம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள். கவுண்டரிலும் ராட்டினத்திலும் ஒரே மாதிரி அளவுகோலை வையுங்கள், இரண்டு இடத்திலும் காலணியைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். என்ன டிக்கெட் வாங்கினார்கள் என்பதைக் காட்டும் பட்டைக்குப் பதில், எந்த உயர வரம்புக்குள் பிள்ளை இருக்கிறது என்பதைக் காட்டும் பட்டையைக் கட்டுங்கள். அப்படிக் கட்டிய பிறகும், கோட்டை ஒட்டியுள்ள பிள்ளையை ராட்டினத்தின் வாசலில் மறுபடி அளந்தே ஆக வேண்டும். டிக்கெட் பதிவு செய்யும் பக்கத்திலேயே எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று போட்டுவிட்டால், அத்தனை நேரம் நின்றுவிட்டு ஒரு பிள்ளை முனையிலிருந்து திரும்பி வர வேண்டியிருக்காது. குறைந்தபட்சம் வரிசையின் தொடக்கத்திலாவது ஓர் அளவுகோலை நட்டு வையுங்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை.

கப்பல் ஊஞ்சல் விஷயத்தில் எனக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அன்று காலை அங்கே பணியில் இருந்தவருக்கு உயரத்தை அளக்கப் பயிற்சி கொடுக்கப்பட்டதா, பட்டையைப் பார்த்து அனுப்பினால் போதும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தார்களா என்பதைத் தெரிவியுங்கள். கூட்ட நெரிசலில் அவசரப்பட்ட ஓர் ஊழியர்மேல் பழியைப் போட்டு முடித்துவிட வேண்டாம். கூட்டம் வரும் என்று தெரிந்துதான் விடுமுறைக்கு விளம்பரம் செய்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு ஏற்ப ஆள் போடுவதும் உங்கள் பொறுப்பே.

15 நாட்களுக்குள் பதில் அனுப்புங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலை நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும், ராட்டினங்களைப் பரிசோதித்து அனுமதி தரும் அதிகாரிகளுக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வந்துசென்ற ஒரு தாய்

இணைப்பு: டிக்கெட் நகல், நீலப் பட்டையின் படம், கவுண்டர் தூணில் உள்ள கோட்டின் படம், கப்பல் ஊஞ்சல் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையின் படம், உதவி மையம் அனுப்பிய பதில்.