சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் பட்டறையில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத் தங்குவிடுதிகளில் உள்ள நம் ஊழியர்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மொழிபெயர்த்துச் சொல்ல இப்போது துணைக்குப் போகிறேன். கண் சிவந்தால் வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்பார்கள், அல்லது மெட்ராஸ் ஐ என்பார்கள். கண்ணுக்கு உள்ளேயே அழற்சி வரும் என்பது பலருக்குத் தெரியவில்லை. யுவைட்டிஸ் எனப்படும் அது கவனிக்காமல் விட்டால் பார்வையைப் பறித்துவிடும்.

வெல்டிங் வெளிச்சம் பட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரு கண்களிலும், மணல் விழுந்தாற்போல் உறுத்தும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். மெட்ராஸ் ஐ என்றால் எரிச்சலும் பீளையும் இருக்கும். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். உள் அழற்சியில் பீளை இராது. பெரும்பாலும் ஒரு கண்தான் பாதிக்கப்படும். கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவக்கும், உள்ளே ஆழத்தில் வலிக்கும், பார்வை மங்கும், வெளிச்சம் பட்டாலே தாங்க முடியாது.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இரவிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரை அழைத்துப் போனபோது மருத்துவர் விளக்கை நல்ல கண்ணில்தான் அடித்தார். வலித்தது சிவந்த கண். ஒரு கண்ணின் பாவை சுருங்கும்போது மற்றதும் கூடவே சுருங்குவதால் அப்படியாம். பிறகு, “காலையில் எழுந்ததும் இடுப்பு விறைப்பாக இருந்து, நடமாடினால் சரியாகிறதா?” என்று கேட்டார். ஆமாம் என்றார் தம்பி. முதுகெலும்பு மூட்டு அழற்சி உள்ள இளைஞர்களுக்குக் கண்ணிலும் இப்படி வருவதுண்டு. காசநோய், அக்கிக் கிருமி ஆகியவற்றாலும் வரலாம். காரணமே பிடிபடாமலும் போகலாம். எனவே கண்ணுக்காகப் போன இடத்தில் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னால் தம்பிகள் மிரள வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை, ஊரிலிருந்து பெட்டியில் வரும் சொட்டு மருந்துதான். ஒருவருக்குக் கேட்டது என்று அறை முழுவதும் அதே புட்டியைப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும். குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். ஆனால் அக்கிக் கிருமி கருவிழியைத் தாக்கியிருந்தால் நோய் முற்றும். தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடும், புரையும் வளரும். யுவைட்டிசுக்கு மருத்துவர் கொடுப்பதும் பல நேரங்களில் ஸ்டீராய்டுதான். ஆனால் அவர் கண்ணுக்குள் கருவியால் பார்த்து, அழுத்தத்தை அளந்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கிறார். பாவை ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதை விரிக்கும் சொட்டும் சேர்த்துக் கொடுக்கிறார்.

இன்னொன்று. கண்ணின் பின்பகுதியில் அழற்சி வந்தால் வலியும் சிவப்பும் இல்லாமலே இருக்கலாம். திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பதும் பார்வை கலங்குவதும் மட்டுமே அறிகுறி. அதையும் தள்ளிப்போடக் கூடாது. கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் துணுக்கு தெறித்திருந்தால் கண்ணைக் கசக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சம்பளம் பிடிப்பார்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களின் மருத்துவச் செலவு சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. மேற்பார்வையாளர்களே, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்தில் பாதுகாப்புக் கண்ணாடி பற்றிப் பேசும்போதே, வெளிச்சம் தாங்க முடியாத சிவந்த கண்ணை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதையும் தமிழில் சொல்லுங்கள். சொன்னவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட்