சும்மா கிடந்த முகவரிகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண் முகவரிகளின் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். ‘அமெச்சூர் வானொலிக்காரர்களிடம் சும்மா கிடந்த முகவரிகளை 2019-இல் அமேசான் வாங்கிக்கொண்டது’ என்று அதில் ஒரு வரி. கட்டுரை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. 44 என்று தொடங்கும் அந்த ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள், 1981-இல் ஹாங்க் மேக்னஸ்கி என்ற ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர், கேட்டு வாங்கிக் கொடுத்தவை. தனக்காகக் கேட்கவில்லை, உலகத்து ஹாம்கள் எல்லோருக்குமாகக் கேட்டார். யாரும் காசு கொடுக்கவில்லை. ஊருக்குப் பொதுவான புறம்போக்கு மாதிரிதான். வட்டாரத்துக்கு ஒரு ஹாம் சம்பளமில்லாமல் கணக்கு வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு எண் ஒதுக்கிக் கொடுப்பார். எனக்கும் அப்படி ஒருவர்தான் கொடுத்தார். அந்த எண்ணை எழுதி வைத்த நோட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. 2011-இல்தான் கலிபோர்னியாவில் ‘அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ்’ என்ற லாப நோக்கற்ற நிறுவனம் பதிவானது. எட்டே வருஷத்தில் அவர்கள் 44.192.0.0-இலிருந்து மேலே உள்ள கால் பங்கை, அதாவது 41,94,304 முகவரிகளை, அமேசானுக்கு விற்றார்கள். 2019 ஜூலையில் அறிவிப்பு வந்தபோது விற்பனை முடிந்திருந்தது.

அப்புறம், ‘சும்மா’ என்ற சொல். ஜெர்மனியில் ஹாம்கள் மலைக்கு மலை மைக்ரோவேவ் இணைப்பு கொடுத்து நடத்தும் ஹாம்நெட் என்ற வலையமைப்புக்கு ஒதுக்கிய எண்கள் அந்தக் கால் பங்குக்குள்தான் இருந்தன. அவர்கள் வேறு எண்களுக்கு மாற வேண்டி வந்தது. யாருக்கும் கொடுக்காத எண்களுக்கும் வேலை இருந்தது. ஆளில்லாத அந்த முகவரிகளுக்கு வந்து விழும் தகவல்களைக் கவனித்துத்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், 2001-இல் ‘கோட் ரெட்’ என்ற கணினிப் புழு இணையத்தில் எப்படிப் பரவியது என்று கண்டார்கள். காலியாக இருந்ததால்தான் அது பயன்பட்டது. அதைச் சும்மா கிடந்தது என்று எழுதலாமா?

அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டவன். 1990-களில் நான் படித்த கல்லூரியில் ஹாம் கிளப் இருந்தது. மெஸ் காசில் மிச்சம் பிடித்து, விடுதி மொட்டைமாடியில் ஒரு யாகி ஆன்டெனாவை ஏற்றினோம். ஒரு சிறிய மோடத்தை நாங்களே சால்டர் வைத்துச் செய்து, 144 மெகாஹெர்ட்ஸில் 1200 பாட் வேகத்தில் பாக்கெட், அதாவது துண்டு துண்டாகப் பிரித்த தகவல், அனுப்பினோம். முதல் நாள் பக்கத்து ஊர் நண்பரின் வரி எழுத்து எழுத்தாகத் திரையில் வந்தபோது ஐந்து பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். செமஸ்டர் விடுமுறை முடிந்து மாடிக்குப் போனால், தரையில் நான்கு துருப்பிடித்த போல்ட்டுகளும் ஒரு முழம் வெட்டுப்பட்ட கோஆக்ஸ் கேபிளும்தான் இருந்தன. காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஏன் சார் எங்களைக் கேட்கவில்லை என்றதற்குக் கிடைத்த பதில், “சும்மாதானே கிடந்தது.”

முகவரி விற்ற பணம் நல்லவற்றுக்கும் போகிறது, மறுக்கவில்லை. எம்.ஐ.டி. மாணவர்களின் பெரிய டிஷ் ஆன்டெனாவை மூடியிருக்கும் கூண்டைச் சீரமைக்க 2021-இல் அந்த நிறுவனத்தார் 16 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்த முகவரி வரிசையைக் கட்டிக்காத்த பிரையன் கான்டர் மீது எனக்கு மரியாதை உண்டு. விற்ற ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். பேரம் நடக்கும்போது ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது என்பார்கள். விலையைச் சொல்ல வேண்டாம். விற்கலாமா என்று கேட்டிருக்கலாமே? ரேடியோவை வைத்து ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்பது எங்கள் உரிமத்தின் விதி. அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்களின் பெயரில் இருந்த சொத்தை, முகவரி ஒன்று 20 டாலரை ஒட்டி விலைபோன காலத்தில் விற்றுவிட்டு, பிறகு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள்.

தங்கள் இதழிடமும் ஒரு வருத்தம். 2004 சுனாமியில் போர்ட் பிளேரிலிருந்து ஹாம் பாரதி பிரசாத்தின் குழு ரேடியோவில் செய்தி அனுப்பியபோது எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். மற்ற நாட்களில் நாங்கள் ‘பொழுதுபோக்குக்காரர்கள்’. இந்தக் கட்டுரையிலும் அதே சொல்தான். இரண்டு மாதம் ராத்திரி கண்விழித்து மோர்ஸ் படித்துத் தேர்வு எழுதியவன் நான். அந்தச் சொல்லைப் படிக்கும்போது மனசு சுருங்குகிறது.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம்தான். ‘சும்மா கிடந்த’ என்பதை எடுத்துவிட்டு, ‘ஹாம்களைக் கேட்காமல் விற்கப்பட்ட’ என்று அடுத்த இதழில் போடுங்கள். இடமிருந்தால் மேக்னஸ்கியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், உரிமம் பெற்ற ஹாம்,
மதுரை